மூலச் சித்திரம் சங்கத்தின் சொத்து

ஆண்டுதோறும் தணிக்கை நடைபெறும்போது சங்கத்தின் உடைமைகள் யாவும் கணக்கில் ஏறுகின்றன. கட்டடம், தறி, தராசு, சாக்கு, கையிருப்பு நூல், விற்பனைக்கு நிற்கும் சரக்கு என ஒவ்வொன்றும் பெயரும் மதிப்பும் பெற்று இருப்புப் பதிவேட்டில் இடம் பெறுகின்றது. ஆயினும் சேலையை விற்றுக் கொடுப்பதும், நமது மஞ்சள் பொட்டலத்தை மற்றவர் பொட்டலத்தினின்று பிரித்துக் காட்டுவதுமான ஒரு பொருள் பெரும்பாலான பதிவேடுகளில் காணப்படுவதில்லை. அதுவே சித்திரம். கரைக்கும் முந்திக்கும் வரைந்த சித்திரம், சங்கத்தின் முத்திரை, பொட்டலத்தின் மேலுறைச் சித்திரம் ஆகியவற்றையே குறிப்பிடுகிறோம்.

இச்சித்திரங்கள் இக்காலத்தில் பெரும்பாலும் கணிப்பொறியில் வரையப்படுகின்றன. கூலி பெற்று வரைந்து கொடுப்பவர் சங்கத்தின் கையில் கொடுப்பது எது? தம்மிடமே நிறுத்திக்கொள்வது எது? இவ்வினாவை நமது நிர்வாகக் குழுக்கள் கேட்பதில்லை; கேட்டாக வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். சங்கத்தின் பணத்தில் வரைவித்த சித்திரத்தின் மூலத்தைச் சங்கமே பெற்றுப் பாதுகாக்க வேண்டும். அம்மூலத்தினின்று தறிக்கும் அச்சகத்துக்கும் வேண்டிய படங்களை ஆக்கும் வேலையை நம்மவர் கற்றுச் செய்யவேண்டும். இவ்வாறு கூறுவதற்குரிய காரணங்களைக் கீழே விவரிக்கிறோம்.

இருவகைப் படங்கள்

கணிப்பொறியில் உள்ள படங்கள் இரு வகைப்படும். முதல் வகைக்கு வெக்டார் படம் என்று பெயர். அதனைக் கோட்டுப் படம் என்று இங்கு வழங்குவோம். உண்மையில் இதனுள் படம் இல்லை. படத்தைப் போடும் முறைதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வட்டம் ஒன்று இருப்பின் அதன் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, வண்ணம் யாது என்னும் செய்திகள் மட்டும் இருக்கும். மயிலின் கழுத்தைப் போன்ற வளைவாயின், சில புள்ளிகளும், அப்புள்ளிகளில் கோடு எத்திசையில் புறப்பட்டு எத்திசையில் வந்து சேரவேண்டும் என்னும் குறிப்பும் இருக்கும். 1960-களில் பிரான்ஸ் தேசத்து ரெனால்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் பியர் பெசியர் என்னும் பொறியியலாளர் கார்களின் உடலை வடிவமைக்க இத்தகைய வளைவுகளைக் கையாண்டார். அவை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. கோட்டுப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினும் கோடு கோடாகவே நிற்கும். ஏனெனில் ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்கு ஏற்பக் கணிப்பொறி புதிதாக வரைந்து காட்டுகிறது.

இரண்டாம் வகைக்கு ராஸ்டர் படம் என்று பெயர். இதனைக் கட்டப் படம் என்போம். நிலத்தைக் கீறும் பற்களுள்ள வாரியைக் குறித்த லத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் இது. வாரி இழுத்த மண்ணில் வரிவரியாகக் கோடு விழுவது போல, இப்படமும் வரிவரியாகச் சிறு கட்டங்களை அடுக்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் உண்டு. பிக்சல் என்று சொல்லப்படுவது இக்கட்டமே. வட்டம் என்பதோ மயில் என்பதோ இப்படத்துக்குத் தெரியாது. இந்தக் கட்டம் சிவப்பு, அடுத்தது மஞ்சள் என்பதற்கு மேல் அதனிடம் செய்தி இல்லை. இதனைப் பெரிதாக்கினால் கட்டமே பெரிதாகும். விளிம்பு படிக்கட்டாகத் தோன்றும்.

விவசாய அங்கத்தினருக்கு இவ்வேற்றுமையை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம். கோட்டுப் படம் விதைநெல். கட்டப் படம் அரிசி. அரிசியில்லாமல் உலை வைக்க முடியாது. ஆனால் அரிசியை விதைத்தால் முளைக்காது. நெல்லை அரிசியாக்குவது எளிது. அரிசியை நெல்லாக்குவது எவராலும் இயலாது. தறியும் அச்சு இயந்திரமும் கணிப்பொறித் திரையும் இறுதியில் கேட்பது கட்டப் படத்தையே என்பது மெய்தான். அதனாலேயே பலர் கட்டப் படம் கைக்கு வந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். வீட்டில் உள்ள நெல் முழுவதையும் அரைத்துவிட்டு ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும் குடியானவனின் நிலை இது.

நெசவாளர் அறிந்த கலை

கோட்டைக் கட்டமாக்குவது கணிப்பொறியோடு பிறந்த வித்தை என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்க்கு அது புதிதன்று. கரையில் வரவேண்டிய கொடியை முதலில் வெள்ளைத் தாளில் கைவளமாக வரைவதும், பின்னர் அதனைக் கிராப் தாளில் கட்டங்கட்டமாக நிரப்புவதும், அக்கட்டங்களைப் பார்த்து அட்டை குத்துவதும் ஜக்கார்டு தறி வந்த நாள் முதல் நடந்து வரும் வேலைகள். கிராப் தாளில் நிற்கும் ஒரு வரிசை பாவின் ஓர் இழை; குறுக்கே செல்லும் ஒரு வரிசை ஓர் ஊடை. நிரப்பிய கட்டத்தில் இழை எழும்பும். நிரப்பாத கட்டத்தில் எழும்பாது. பிக்சல் என்று உலகம் இன்று சொல்வதை நெசவாளி நெடுங்காலமாக விரல்நுனியில் வைத்திருக்கிறான்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் அமைத்த தறியே இவ்வேலைக்கு உலகெங்கும் அடிப்படையாயிற்று. 1839-ல் அதே நகரில் அவருடைய உருவப் படத்தையே பட்டில் நெய்தனர். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதனைச் செதுக்கிய தகட்டில் அச்சிட்ட படம் என்றே நினைப்பர். கணிக்கும் இயந்திரங்களைத் திட்டமிட்ட ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ் அதன் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். துளையிட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளையிடலாம் என்னும் எண்ணத்தை அவர் தறியினின்றே பெற்றார். நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1962-ல், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம், சாய்ந்த கோடு ஒன்றை வரைய எந்தெந்தக் கட்டங்களை எடுத்துக்கொள்வது என்பதை எளிய முழு எண் கணக்கால் தீர்மானிக்கும் வழியை வகுத்தார். 1965-ல் வெளியான அம்முறை இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கிராப் போடுவோர் கண்ணால் செய்துவந்த தீர்மானத்தை அவர் கணக்கால் செய்தார். ஆகவே இத்துறையில் நெசவாளர் பிறர் வாசலில் நிற்கவேண்டியவர் அல்லர்.

மாற்றும்போது நேரும் கேடுகள்

இனி, மூலம் கையில் இல்லாவிடின் நேருவது என்ன என்று பார்ப்போம்.

ஒரு சங்கம் 240 கொக்கிப் பெட்டிக்கெனக் கரைச் சித்திரம் ஒன்றை வரைவித்துக் கட்டப் படமாக மட்டும் பெற்றுக்கொண்டது என்று கொள்வோம். சேலை நன்றாக விற்கிறது. அடுத்த பருவத்தில் அதே சித்திரத்தை 120 கொக்கிப் பெட்டியுள்ள தறிகளிலும் சிறுகரையாக ஓட்டவேண்டும் என்று விற்பனையாளர் கேட்கின்றனர். 240 வரிசையுள்ள படத்தை 120 ஆகச் சுருக்கினால் இரண்டுக்கு ஒன்று போய்விடும். ஓர் இழை அகலமே உள்ள மெல்லிய கோடு போகும் வரிசையில் நின்றால் அடியோடு மறையும். நிற்கும் வரிசையில் இருந்தால் முன்னைவிட இரு மடங்கு தடித்துத் தோன்றும். கொடியின் தண்டு ஓரிடத்தில் அறுந்தும் ஓரிடத்தில் பருத்தும் காணும். மாறாக 480 கொக்கிக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு கட்டமும் நான்கு கட்டமாகி, மாங்காயின் வளைவு செங்கல் அடுக்கியது போல நிற்கும். கோட்டுப் படம் இருந்திருப்பின் 120-க்கு ஒரு முறையும் 480-க்கு ஒரு முறையும் புதிதாகக் கட்டமாக்கி, கைத்திருத்தம் செய்து முடித்திருக்கலாம். அது இல்லாமையால் சங்கம் முதலிலிருந்து வரைவிக்க நேர்கிறது; ஒரே சித்திரத்துக்கு இரு முறை கூலி கொடுக்கிறது.

இரண்டாவது கேடு இழைக் கணக்கைப் பற்றியது. கணிப்பொறியின் கட்டம் சதுரமானது. துணியின் கட்டம் பெரும்பாலும் சதுரம் அன்று. அங்குலத்துக்குப் பாவில் 100 இழையும் ஊடையில் 80-ம் உள்ள துணியில் 2 அங்குல வட்டம் ஒன்று வரவேண்டுமாயின், அது 200 இழையிலும் 160 ஊடையிலும் அமையவேண்டும். இதனை அறியாமல் 200-க்கு 200 என்று படமாக்கித் தறியில் ஏற்றினால், அகலம் 2 அங்குலமும் உயரம் இரண்டரை அங்குலமுமாக வட்டம் முட்டையாகிவிடும். பிழையைக் கண்டபின் அக்கட்டப் படத்தையே 160 ஆக நசுக்கினால் ஐந்துக்கு ஒரு வரிசை வீதம் 40 வரிசைகள் தொலையும். மூலத்தினின்று நேரே 200-க்கு 160 என்று ஆக்குவதே சரியான வழி. பழைய டிசைன்காரர்கள் துணியின் கணக்குக்கு ஏற்பக் கோடு கிழித்த கிராப் தாளையே தேடி வாங்கியதன் காரணம் இதுதான்.

மூன்றாவது கேடு, கண்ணுக்கு நன்மை போலத் தோன்றித் தறிக்குத் தீமையாவது. கோட்டைக் கட்டமாக்கும்போது விளிம்பில் படிக்கட்டுத் தெரியாதிருக்கும் பொருட்டு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே பல இடைவண்ணக் கட்டங்களைக் கணிப்பொறி தானே இட்டு நிரப்புகிறது. திரையில் பார்ப்பதற்கும் தாளில் அச்சிடுவதற்கும் இது அழகு தருகிறது. ஆனால் தறியில் இடைவண்ணம் ஏது? கொக்கி இழையைத் தூக்கும், அல்லது தூக்காது. பாதி தூக்குவது என்பது இல்லை. இரு வண்ணத்தில் வரைந்த சித்திரம் இவ்விதம் மாற்றப்பட்டபின் நூற்றுக்கணக்கான வண்ணங்களோடு வந்து நிற்கும். அவற்றை மீண்டும் இரண்டாகக் குறைக்கும்போது விளிம்பெல்லாம் சிதறும். தறிக்கெனக் கட்டமாக்குகையில் விளிம்பை மென்மையாக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, வண்ண எண்ணிக்கையையும் முன்னதாகவே வரையறுத்துக் கொள்ளவேண்டும்.

நான்காவது, படத்தைச் சேமிக்கும் முறையினால் வரும் கேடு. ஜேபெக் என்னும் முறை 1992-ல் தரம் பெற்றது. புகைப்படங்களைச் சிறிய இடத்தில் அடக்குவதற்கு அது மிக உகந்தது. ஆனால் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைத் தள்ளிவிட்டே அது இடத்தை மிச்சப்படுத்துகிறது. கூரிய கோடுகளின் ஓரத்தில் அதனால் அழுக்குப் புள்ளிகள் தோன்றும். தாளில் அவை பொருட்டல்ல. தறியிலோ ஒவ்வொரு புள்ளியும் தவறாக எழும்பும் ஓர் இழையாகும். தறிக்கு உரிய சித்திரத்தைப் பி.எம்.பி., பி.என்.ஜி. போன்ற, ஒரு கட்டத்தையும் இழக்காத முறைகளிலேயே சேமிக்கவேண்டும். கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கப்பட்டு ஜேபெக் ஆகிவிடும் என்பதையும் அங்கத்தினர்கள் நினைவில் வைக்கவேண்டும். அனுப்பத்தான் வேண்டுமெனில் ஆவணமாக அனுப்புவதே பாதுகாப்பு.

இவையாவும் தீர்ந்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது. படம் நெசவாகிவிடாது. அகன்ற பரப்பு ஒன்றை ஜரிகையால் நிரப்பு என்று கட்டப் படம் சொல்லும். சொன்னபடியே நெய்தால் ஜரிகை பல இழைகளைத் தாண்டி மிதந்து, வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். எங்கெங்கே இழையைக் கட்டிப் பிடிக்கவேண்டும் என்பதை நெசவு அறிந்தவர்தாம் கட்டங்களில் குறிக்க முடியும். வளைவின் படிகளையும் அவரே ஒழுங்கு செய்யவேண்டும். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிகள் முறையே குறைந்தால் வளைவு ஓடும். மூன்று, ஒன்று, மூன்று என்று தடுமாறினால் வளைவு நொண்டும். இயந்திரம் செய்துதரும் கட்டப் படம் பச்சை மண் பானை போன்றது. சுட்டு எடுக்கும் வேலை மனிதருடையது.

பொட்டலமும் சாக்கும்

இது நெசவாளர் விஷயம் என்று விவசாய அங்கத்தினர் ஒதுங்கிவிடலாகாது. ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அப்பெருமையை அடைந்தன. ஊரின் பெயருக்கு மதிப்பு ஏற ஏறப் போலியும் பெருகும். அப்போது வாங்குவோர் நம்புவது பொட்டலத்தின் மேலுள்ள முத்திரையை. அம்முத்திரையே மங்கிக் குழம்பிக் கிடந்தால், எது நமது, எது போலி என்று அவர் எவ்வாறு அறிவார்?

அச்சில் தெளிவாக வரவேண்டிய படத்துக்கு அங்குலத்துக்கு 300 கட்டம் என்பது பொதுவான கணக்கு. 4 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள மேலுறைக்கு 1200-க்கு 900, அதாவது 10,80,000 கட்டங்கள் வேண்டும். கணிப்பொறித் திரைக்கென அங்குலத்துக்கு 96 வீதம் ஆக்கிய அதே படத்தில் 384-க்கு 288, அதாவது 1,10,592 கட்டங்களே உண்டு. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. திரையில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். தாளில் வேறுபாடு வெளிப்படும். அச்சிறு படத்தையே சந்தையில் கட்டும் 24 அங்குலப் பதாகைக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 16 கட்டந்தான் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் எண்ணும் அளவுக்குக் கண்ணில் படும். சங்கத்தின் பெயரைக் கட்டங்கட்டமாகச் சிதைத்து ஊர் நடுவே தொங்கவிடுவதற்கு நாமே பணம் கொடுக்கிறோம்.

கோட்டு மூலம் இருப்பின் பத்துக் கிராம் பொட்டலத்துக்கும், ஐம்பது கிலோ சாக்குக்கும், லாரியின் பக்கப் பலகைக்கும் ஒரே மூலத்தினின்று வெவ்வேறு கட்டப் படம் எடுக்கலாம். எழுத்து விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் கணிப்பொறியில் உள்ள தமிழ் எழுத்துரு அச்சகத்தாரிடம் இல்லாவிடின் சங்கத்தின் பெயர் பொருளற்ற குறிகளாக மாறி அச்சாகிவிடக்கூடும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றி அனுப்பவேண்டும். ஆயின் எழுத்து எழுத்தாகவே உள்ள பிரதி ஒன்றையும் தனியே வைத்திருக்கவேண்டும். இல்லையேல் விலையோ தேதியோ மாறும்போது திருத்த இயலாது.

ஆட்சேபங்களுக்கு விடை

நமது யோசனைக்கு மூன்று ஆட்சேபங்கள் கூறப்படலாம்.

முதலாவது, கட்டப் படத்தினின்று கோட்டுப் படத்தைத் திரும்ப எடுக்கக் கணிப்பொறியில் வழி உண்டே, மூலம் எதற்கு என்பது. வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அது ஊகமே. படிக்கட்டான விளிம்பைக் கண்டு, இங்கே வளைவு இருந்திருக்கலாம் என்று இயந்திரம் எண்ணி வரைகிறது. கூர்மூக்கு மழுங்கும், தொடாத இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். ஓரளவு எளிய முத்திரைக்கு இம்முறை கைகொடுக்கலாம். நுண்ணிய கொடிக்கரைக்குப் புதிதாக வரைவதே குறைந்த உழைப்பாக முடியும்.

இரண்டாவது, மூலத்தைப் பலர் கையில் புழங்கவிட்டால் திருட்டுப் போகாதா என்பது. இது நியாயமான அச்சம். கைத்தறிச் சித்திரம் சந்தைக்கு வந்த சில நாளிலேயே விசைத்தறியில் வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். மூலம் எளிதில் எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்கும் ஆதலால், திருடுபவனுக்கும் அது மிக உதவும். இதற்கு விடை மூலத்தை வாங்காமல் இருப்பதன்று. வாங்கிப் பூட்டி வைப்பதே. வெளியே செல்வது கட்டப் படமாக இருக்கட்டும்; அதுவும் அந்த வேலைக்கு வேண்டிய அளவிலேயே இருக்கட்டும். கோட்டுப் படம் சங்கத்தின் உள்ளேயே நிற்கட்டும். இன்று நடப்பதோ இதன் தலைகீழ். மூலம் வெளியாரிடம் இருக்கிறது. அவர் அதனை வேறு யாருக்குக் கொடுப்பார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, செலவும் பயிற்சியும் எங்கிருந்து வரும் என்பது. கோட்டுப் படம் வரைவதற்கு இங்க்ஸ்கேப், கட்டப் படத்தைத் திருத்துவதற்கு கிம்ப் ஆகிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. முன்னது 2003 முதலும் பின்னது 1996 முதலும் பொதுமக்கள் கையில் உள்ளவை. சாதாரணக் கணிப்பொறியே அவற்றுக்குப் போதும். கற்பிப்பதற்குச் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் உள்ள நெசவாளர் சேவை மையங்களின் உதவியை நாடலாம். கற்க வேண்டியவர் யார் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. கிராப் போட்டும் அட்டை குத்தியும் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளே இதற்கு முதல் உரிமையாளர். அட்டையில்லாத மின்னணு ஜக்கார்டு கைத்தறியிலும் பொருத்தப்படும் இக்காலத்தில், அவர்கள் கைவேலை போய்விடும் என்று நாம் பரிதாபப்பட்டுக் கொண்டிருப்பதால் பயனில்லை. படியை ஒழுங்கு செய்யவும் ஜரிகையைக் கட்டிப் பிடிக்கவும் தெரிந்த கண் அவர்களுடையது. அந்தக் கண்ணுக்குத் தாளுக்குப் பதில் திரையைக் கொடுத்து, பழைய கூலிக்குக் குறையாத கூலியையும் கொடுப்பதே சங்கத்தின் கடமை.

சட்டம் சொல்வது

சட்டத்தையும் சற்று நோக்குவோம். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி புதிய சித்திரத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். அதனை மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்துக் கொள்ளலாம். ஆனால் துணி சந்தைக்கு வந்து ஊரறிந்த பின்னர் புதியது என்று விண்ணப்பிக்க இயலாது. பதிவு செய்யாமலே விட்டாலோ, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், பதிவுக்குத் தகுதியான சித்திரத்தைத் தொழில் முறையில் 50 முறைக்கு மேல் பிரதி எடுத்தவுடன் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும். ஐம்பது சேலை என்பது நமக்கு எத்தனை நாள் வேலை என்று அங்கத்தினரே எண்ணிப் பார்க்கட்டும். மேலும் பதிப்புரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலம் கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. வாய்ப்பேச்சு உதவாது. மாங்காய், ருத்திராட்சம், யாளி, கோபுரக்கரை போன்ற பழைய உருக்கள் எவருக்கும் தனிச்சொத்தாகா. அவை முன்னோர் எல்லோர்க்கும் விட்டுச்சென்ற பொதுப் புஞ்சை. அவற்றைக் கொண்டு நாம் புதிதாக அமைத்த வரைவே நமது உரிமைக்குரியது.

செய்ய வேண்டுவன

ஒவ்வொரு சங்கமும் உடனே மேற்கொள்ளத்தக்கவை என நாம் கருதுவன இவை:

ஒன்று: சித்திரம் வரைவிக்கும் ஒப்பந்தத்தில், கோட்டு மூலமும் அதன் உரிமையும் சங்கத்தைச் சேரும் என்று எழுதிக் கையொப்பம் பெறவேண்டும். மூலம் கைக்கு வந்த பின்னரே கடைசித் தவணைக் கூலி கொடுக்கவேண்டும். வரைந்தவரின் பெயரைப் பதிவேட்டில் குறிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

இரண்டு: கொடுக்கப்பட்டது மெய்யான கோட்டுப் படமா என்று சோதிக்கவேண்டும். கட்டப் படத்தைக் கோட்டுப் படத்தின் உறைக்குள் இட்டுக் கொடுப்பதும் உண்டு. திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். விளிம்பு கூர்மையாக நின்றால் கோடு. கட்டங்கள் தெரிந்தால் உறை மாத்திரம் கோடு.

மூன்று: ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் முறையோடு, எஸ்.வி.ஜி. என்னும் பொது முறையிலும் ஒரு பிரதி பெறவேண்டும். 2001 முதல் உலகப் பொதுத் தரமாக உள்ள இது எழுத்து வடிவில் அமைந்தது ஆதலால், எந்த ஒரு நிறுவனத்தையும் நம்பி நிற்கவேண்டியதில்லை.

நான்கு: மூலப் பிரதியை இரண்டு இடங்களில் வைக்கவேண்டும். ஒன்று சங்க அலுவலகத்தில். மற்றொன்று வேறு கட்டடத்தில். காரியதரிசியின் கைப்பேசி பெட்டகம் ஆகாது. அவர் மாறும்போது அதுவும் அவரோடு போய்விடும்.

ஐந்து: ஒவ்வொரு மூலத்தினின்றும் எடுத்த கட்டப் படங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை கொக்கி, அங்குலத்துக்கு எத்தனை இழை, எத்தனை ஊடை, எத்தனை வண்ணம், யாரால் திருத்தப்பட்டது என்பவற்றைக் குறிக்கவேண்டும். அடுத்த தடவை வேலை பாதியாகும்.

ஆறு: பரணில் கிடக்கும் பழைய கிராப் தாள்களையும் அட்டைகளையும் கரையானுக்குக் கொடுக்கும் முன்னர், அவற்றை நிழற்படம் எடுத்து, சிறந்தவற்றையேனும் கோட்டுப் படமாக வரைவித்துக் கொள்ளவேண்டும். அவற்றைப் போட்ட மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, இந்தக் கட்டம் ஏன் இங்கே என்று கேட்டு எழுதிக்கொள்வதும் அவசியம்.

இவற்றில் பெருஞ்செலவு வைக்கும் காரியம் ஒன்றும் இல்லை. வேண்டுவது கவனமும் எழுத்து மூலமான ஒழுங்குமே. நூலைத் தனித்தனியே கடனுக்கு வாங்கிய நெசவாளியும், மஞ்சளைத் தனித்தனியே தரகரிடம் ஒப்படைத்த விவசாயியும், தம் உழைப்பின் பலன் தம் கையில் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். நூலையும் சரக்கையும் மீட்டுக்கொண்ட நாம் சித்திரத்தை மட்டும் பிறர் கையில் விட்டிருப்பது பொருத்தமன்று. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறும், சங்கத்தின் சித்திரங்களில் எத்தனைக்கு மூலம் கையில் உண்டு, எத்தனைக்கு இல்லை என்று நிர்வாகக் குழுவைக் கேட்டறியுமாறும் அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம். இல்லாதவற்றின் பட்டியல் நீண்டதாகவே இருக்கக்கூடும். வரைந்தவர்களில் பலர் இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கையிலேயே அவற்றைக் கேட்டுப் பெறும் வேலையைத் தொடங்கிவிடவேண்டும்.